விர்ச்சுவல் மெஷினாக மாற்றும் முன் விண்டோஸ் சர்வரின் மிரரைக் கழற்றுவது எப்படி

மிரர் என்பது ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் எழுதி வைக்கும் ஏற்பாடு. அதைக் கழற்றுவது என்னவோ இரண்டு கிளிக் வேலைதான். இருக்கும் இரண்டு டிஸ்க்கில் எது தனியாக நின்று பூட் ஆகும், எது ஆகாது என்று கண்டுபிடிக்கத்தான் நேரம் பிடிக்கும். அதனால் இந்தக் கட்டுரையிலும் பெரும்பகுதி அதைப் பற்றியே இருக்கும்.

நாம் எடுத்துக்கொள்ளும் சர்வர் இப்படிப்பட்டது: மேசைக்கு அடியில் தூசி படிந்து நிற்கும் ஒரு டவர். உள்ளே விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 அல்லது 2012 ஆர்2. ஒரே அளவுள்ள இரண்டு சாட்டா டிஸ்க். மிரர் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் ரெய்டு கார்டுக்குச் செலவு செய்ய மனமில்லாமல், யாரோ விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே மிரர் போட்டு வைத்திருக்கிறார்கள். 2008 ஆர்2-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 2020 ஜனவரி 14-இல் நின்றன. 2012 ஆர்2-க்கு 2023 அக்டோபர் 10-இல். ஆனாலும் அதில் ஓடும் பழைய மென்பொருளைப் புதிய விண்டோஸில் ஏற்ற முடியவில்லை. பெட்டியோ எந்த நாளும் நின்றுவிடலாம். ஆகவே, உள்ளிருப்பதை அப்படியே ஒரு விர்ச்சுவல் மெஷினாக, அதாவது வேறொரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினியாக, மாற்ற வேண்டும்.

மிரரோடு அப்படியே மாற்றினால் என்ன ஆகும்?

விண்டோஸ் மிரர் போட வேண்டுமென்றால் இரண்டு டிஸ்க்கும் டைனமிக் டிஸ்க்காக இருக்க வேண்டும். விண்டோஸ் 2000-த்தில் வந்த ஏற்பாடு இது. எந்த வால்யூம் (சி, டி போன்ற பகுதி) எந்த டிஸ்க்கில், எதன் ஜோடி எது என்ற கணக்கையெல்லாம் ஒரு சிறிய டேட்டாபேஸாக டிஸ்க்கிலேயே எழுதி வைத்திருக்கும். பழைய எம்பிஆர் முறை டிஸ்க்கில் இது கடைசி 1 எம்பியில் உட்கார்ந்திருக்கும். ஜோடியில் உள்ள ஒவ்வொரு டிஸ்க்குக்கும் மற்றதைப் பற்றித் தெரியும்.

மாற்றும் கருவிக்கு இதுதான் தலைவலி. ஒன்றை மட்டும் நகலெடுத்தால், புதிய மெஷின் எழுந்தவுடன் ‘என் ஜோடி எங்கே?’ என்று தேடும். இரண்டையும் எடுத்தால் ஒரே டேட்டாவுக்கு இரட்டிப்பு இடம் போகும், நேரமும் அப்படியே. விஎம்வேர் கன்வர்ட்டர் போன்ற கருவிகளுக்கான நடைமுறைக் குறிப்புகளிலும், மென்பொருள் மிரர் இருந்தால் முதலில் அதை எடுத்துவிடு என்றுதான் இருக்கும். ஹார்டுவேர் ரெய்டு என்றால் தொட வேண்டியதில்லை, ஏனென்றால் அது விண்டோஸின் கண்ணுக்கே தெரியாது.

சரி, உங்களிடம் இருப்பது எது? டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து பாருங்கள். உள்ளே இரண்டு டிஸ்க் மாட்டியிருந்தும் ஒன்றே ஒன்றுதான் தெரிகிறது என்றால், கார்டோ மதர்போர்டோ மிரரைப் பார்த்துக்கொள்கிறது. உங்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. ‘டிஸ்க் 0’, ‘டிஸ்க் 1’ என்று இரண்டு தெரிந்து, இரண்டிலும் ‘டைனமிக்’ என்று எழுதி, வால்யூம்களின் மேல் அடர் சிவப்புப் பட்டை இருந்தால் அதுதான் நாம் பேசும் மிரர்.

தொடங்கும் முன் மூன்று விஷயம்

முதலாவது பேக்கப். மிரர் இருக்கிறதே என்று நம்பி பேக்கப் எடுக்காத அலுவலகங்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். தவறுதலாக அழித்த ஃபைல் மிரரின் இரண்டு பக்கமும் ஒரே நொடியில் அழியும். வெளி டிஸ்க் ஒன்றை மாட்டி விண்டோஸ் சர்வர் பேக்கப்பில் முழு பேக்கப் எடுங்கள். எடுத்ததோடு விடாமல், அதிலிருந்து ஒரு ஃபோல்டரை வேறிடத்தில் மீட்டுத் திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப் பேக்கப் ஆகாது.

இரண்டாவது, அந்த சர்வர் டொமைன் கன்ட்ரோலராக (அலுவலகத்தின் பயனர் கணக்குகளையும் கடவுச்சொற்களையும் சரிபார்க்கும் சர்வராக) இருந்தால் இங்கேயே நில்லுங்கள். அதை நகலெடுத்து, பழையதும் புதியதும் தெரியாத்தனமாக ஒரே நெட்வொர்க்கில் ஓடிவிட்டால் அந்தக் கணக்குகளை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரி குழம்பிப் போகும். புதிய விர்ச்சுவல் மெஷினில் இன்னொரு டொமைன் கன்ட்ரோலரை நிறுவி, பொறுப்புகளை அதற்கு மாற்றி, பழையதைப் பதவியிறக்குவதுதான் நல்ல வழி.

மூன்றாவது லைசென்ஸ். பெட்டியோடு சேர்ந்து வந்த ஓஇஎம் லைசென்ஸ் அந்தப் பெட்டிக்கு மட்டுமே உரியது. விர்ச்சுவல் மெஷினில் அது செல்லாது, ஆக்டிவேஷனும் கேட்கும். முதலாளியிடம் இதை வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். முடித்த பிறகு சொன்னால் உங்கள் தவறு மாதிரித் தெரியும்.

எந்த டிஸ்க்கை வைத்துக்கொள்வது?

முதலில் இரண்டும் நலமா என்று பாருங்கள். டிஸ்க் மேனேஜ்மென்டில் ஒவ்வொரு வால்யூமிலும் ‘ஹெல்தி’ என்று இருக்க வேண்டும். ‘ரீசிங்கிங்’ என்று சதவீதம் ஓடிக்கொண்டிருந்தால் ஒரு பக்கம் இன்னும் பழைய டேட்டாவோடு இருக்கிறது என்று அர்த்தம். அது முடியும்வரை எதையும் தொடாதீர்கள். ‘ஃபெயில்டு ரிடண்டன்ஸி’ என்றால் ஒரு பக்கம் ஏற்கெனவே கழன்றுவிட்டது, நீங்கள்தான் தாமதமாகக் கவனித்திருக்கிறீர்கள்.

அடுத்து ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவைத் திறந்து, ‘டிஸ்க்’ என்ற மூலத்திலிருந்து வந்த எண் 7 பதிவுகளைத் தேடுங்கள். டிஸ்க்கில் கெட்டுப்போன பிளாக் இருப்பதாகச் சொல்லும் பதிவு அது. அதிலேயே ‘ஹார்ட்டிஸ்க் 0’, ‘ஹார்ட்டிஸ்க் 1’ என்று எண்ணும் இருக்கும். ஒரு டிஸ்க்கின் மேல் இப்படிப் புகார் குவிந்திருந்தால் வைத்துக்கொள்ள வேண்டியது மற்றது.

டிஸ்க்கின் உடல்நலம் மட்டும் போதாது. அது பூட் ஆகுமா என்பது தனிக் கேள்வி. மிரர் என்றால் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே என்று புதியவர்கள் நினைப்பார்கள். அப்படியில்லை. விண்டோஸ் மிரர் போடுவது டிஸ்க்கை அல்ல, வால்யூம்களை. சி வால்யூமுக்கு மட்டும் மிரர் போட்டுவிட்டு, அதற்கு முன்னால் இருக்கும் ‘சிஸ்டம் ரிசர்வ்டு’ பகுதியை விட்டிருப்பார்கள். 2008 ஆர்2-வில் அது 100 எம்பி, 2012 ஆர்2-வில் 350 எம்பி. அளவு சிறியதுதான், ஆனால் விண்டோஸை எழுப்பும் ஃபைல்கள் அதில்தான் இருக்கின்றன. அது இல்லாத டிஸ்க்கில் உங்கள் சி வால்யூம் முழுசாக இருந்தாலும் சர்வர் எழாது.

யுஇஎஃப்ஐ முறையில் (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த பூட் முறை) நிறுவிய சர்வர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அங்கே பூட் ஃபைல்கள் இருப்பது ‘இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்’ என்ற பகுதியில். விண்டோஸ் அதை மிரர் செய்யாது. மிரர் போட்டவர் கையாலேயே இரண்டாவது டிஸ்க்கில் அதை உருவாக்கி ஃபைல்களை நகலெடுத்திருந்தால்தான் உண்டு. பெரும்பாலும் செய்திருக்க மாட்டார். எனவே அந்தப் பகுதி எந்த டிஸ்க்கில் இருக்கிறதோ, அதை வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பகுதி இருக்கும் டிஸ்க்கிலேயே கெட்ட பிளாக்குகளும் இருந்தால்? சர்வரை நிறுத்தாதீர்கள், ரீஸ்டார்ட்டும் செய்யாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே பேக்கப்பை முடித்துவிட்டு, இதில் அனுபவமுள்ள ஒருவரைக் கூப்பிடுங்கள். முதல்முறை செய்பவர் பழகிப் பார்க்க வேண்டிய இடம் இதுவல்ல.

கடைசியாக ஒன்று. திரையில் ‘டிஸ்க் 0’ என்று தெரிவது பெட்டிக்குள் எந்த டிஸ்க்? மேலே இருப்பதா, கீழே இருப்பதா? ஊகிக்கக் கூடாது. 2012 ஆர்2 சர்வரில், பவர்ஷெல்லில் டிஸ்க் பட்டியல் கேட்டால் வரிசை எண்ணையும் பெறலாம். பழைய சர்வரில் டபிள்யூஎம்ஐசி கட்டளை அதையே தரும். அந்த எண் டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் இருக்கும். ஒரு தாளில் எழுதிக்கொண்டு, சர்வரை நிறுத்திய பிறகு ஒப்பிட்டுப் பார்த்து, மார்க்கர் பேனாவால் டிஸ்க்கின் மேலேயே ‘0’, ‘1’ என்று எழுதிவிடுங்கள். இதற்குச் சோம்பல்பட்டவர்கள் பிறகு இரவு முழுக்க விழித்திருப்பார்கள்.

பெட்டி பக்கத்தில் இருந்தால்: கேபிளைக் கழற்றும் வழி

நான் எப்போதும் சிபாரிசு செய்வது இதுதான். கழற்ற வேண்டியது டிஸ்க் 1 என்று வைத்துக்கொள்வோம்.

சர்வரை முறைப்படி நிறுத்துங்கள். மின் இணைப்பையும் துண்டித்துவிட்டு டிஸ்க் 1-இன் கேபிளைக் கழற்றுங்கள். பிறகு சர்வரை இயக்குங்கள். டிஸ்க் 0 தனியாக நின்று விண்டோஸ் எழுந்தால், உங்கள் தேர்வு சரி என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். எழவில்லை என்றால் நிறுத்தி, கேபிளைத் திரும்ப மாட்டினால் பழைய நிலைக்கு வந்துவிடலாம். விண்டோஸே எழாததால் இரண்டு பக்கமும் இன்னும் ஒன்றாகத்தான் இருக்கும்.

விண்டோஸ் எழுந்துவிட்டது என்றால் இனி அந்த டிஸ்க் 1-ஐ இதே சர்வரில் திரும்ப மாட்டாதீர்கள். இந்த நிமிடத்திலிருந்து டிஸ்க் 0-வில் புதிது புதிதாக எழுதப்படுகிறது, டிஸ்க் 1 அப்படியே நின்றுவிட்டது. தேதி எழுதி மேசை டிராயரில் வையுங்கள். மாற்றும் வேலை எங்காவது சொதப்பினால், மிரரைப் பிரிப்பதற்கு முந்தைய நொடியின் முழு டேட்டாவும் உங்கள் டிராயரில் இருக்கிறது. இந்த நிம்மதிக்காகவே இந்த வழி எனக்குப் பிடிக்கும்.

இப்போது டிஸ்க் மேனேஜ்மென்டில் ‘மிஸ்ஸிங்’ என்று ஒரு டிஸ்க் தெரியும், வால்யூம்களில் ‘ஃபெயில்டு ரிடண்டன்ஸி’ என்று இருக்கும். பயப்பட வேண்டாம். மிரர் வால்யூமின் மேல் வலது கிளிக் செய்து ‘ரிமூவ் மிரர்’ கொடுங்கள். எந்த டிஸ்க்கிலிருந்து என்று கேட்கும்போது ‘மிஸ்ஸிங்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். சிஸ்டம் ரிசர்வ்டு, சி, டி என்று எத்தனை மிரர் வால்யூம் இருக்கிறதோ அத்தனைக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஒன்றுக்குச் செய்தால் மற்றதும் போய்விடாது. எல்லாம் முடிந்ததும் ‘மிஸ்ஸிங்’ டிஸ்க்கின் பெயரில் வலது கிளிக் செய்து ‘ரிமூவ் டிஸ்க்’. அடர் சிவப்புப் பட்டை மறைந்து, ‘சிம்பிள்’ என்று வந்திருக்கும்.

தொலைவிலிருந்து செய்வதானால்

சர்வர் வேறு ஊரில் இருக்கிறது, கேபிளைக் கழற்ற ஆளில்லை என்றால் இரண்டு டிஸ்க்கும் மாட்டியிருக்கும்போதே ‘ரிமூவ் மிரர்’ செய்ய வேண்டியிருக்கும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. அந்தச் சன்னலில் இரண்டு டிஸ்க்கின் பெயரும் வரும், ஒன்றைத் தேர்ந்தெடு என்று கேட்கும். கேட்பது நீக்க வேண்டிய டிஸ்க்கை. வைத்துக்கொள்ள வேண்டியதை அல்ல. அவசரத்தில் பார்த்தால், நல்ல டிஸ்க்கைத் தேர்ந்தெடுப்பதுதான் இயல்பாகத் தோன்றும்.

நான் ஒருமுறை அப்படித்தான் மாட்டிக்கொண்டேன். ஓர் அலுவலகத்தின் டி வால்யூம். டிஸ்க் 1 நன்றாக இருக்கிறது, டிஸ்க் 0-வில் கெட்ட பிளாக்குகள் இருக்கின்றன என்று காலையிலேயே பார்த்து, தாளில் எழுதியும் வைத்திருந்தேன். சாயங்காலம் அந்தச் சன்னல் வந்தபோது ‘டிஸ்க் 1’ என்பதைச் சொடுக்கி, உறுதியும் செய்துவிட்டேன். கையில் மிஞ்சியது கெட்ட டிஸ்க். அன்று இரவு முழுக்க, டிஸ்க்கின் பிழைகளைச் சரிபார்க்கும் செக்டிஸ்க் ஓடியது. கடைசியில் பேக்கப்பிலிருந்துதான் மீட்டோம்.

அதனால், தொலைவிலிருந்து செய்யும்போது ‘ரிமூவ் மிரர்’ வேண்டாம், ‘பிரேக் மிரர்டு வால்யூம்’ கொடுங்கள் என்பேன். ரிமூவ் செய்தால் ஒரு பக்கம் காலி இடமாகிவிடும். பிரேக் செய்தால் இரண்டு பக்கமும் தனித்தனி வால்யூமாகப் பிரிந்து நிற்கும், டேட்டா இரண்டிலும் இருக்கும். ஒன்று பழைய டிரைவ் எழுத்தை (சி, டி போன்றது) வைத்துக்கொள்ளும், மற்றது வேறு எழுத்தில் வரும். தவறு செய்தாலும் திரும்ப வழி உண்டு. கட்டளை வழியாகச் செய்ய விரும்பினால் விண்டோஸோடு வரும் டிஸ்க்பார்ட் கருவியில் அதே பிரேக் கட்டளை இருக்கிறது. அதில் நீங்கள் குறிப்பிடும் டிஸ்க்தான் எழுத்தை இழக்கும். இப்போது பூட் ஆகி ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கை அங்கே குறிப்பிட்டால் கட்டளை மறுத்துவிடும். புதியவர்களுக்கு இது நல்ல பாதுகாப்பு.

பிரித்த பிறகு ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். தொலைவிலிருந்து செய்தால், அந்த ஐந்து நிமிடம் ரிமோட் டெஸ்க்டாப் திரும்ப வரும்வரை நெஞ்சு கொஞ்சம் படபடக்கும். அலுவலகத்தில் யாரையாவது திரை முன்னால் நிற்கச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

பூட் பட்டியலைச் சுத்தம் செய்தல்

சிஸ்டம் வால்யூமுக்கு மிரர் போடும்போது விண்டோஸ் தன் பூட் பட்டியலில் ‘செகண்டரி பிளெக்ஸ்’ என்ற பெயரோடு இன்னொரு வரியைச் சேர்த்துவைக்கும். மிரர் போன பிறகும் அந்த வரி தங்கிவிடலாம். எம்எஸ்கான்ஃபிக்கைத் திறந்து ‘பூட்’ பகுதிக்குப் போனால் பட்டியல் தெரியும். ‘கரன்ட் ஓஎஸ்’ என்பது ‘செகண்டரி பிளெக்ஸ்’ வரியில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, அந்த வரியை மட்டும் நீக்குங்கள். ‘கரன்ட் ஓஎஸ்’ அந்த வரியில்தான் இருக்கிறது என்றால், சர்வர் இத்தனை நாளாக நீங்கள் நினைத்த டிஸ்க்கிலிருந்து அல்ல, மற்றதிலிருந்து பூட் ஆகிக்கொண்டிருந்திருக்கிறது. அப்படியானால் எதையும் நீக்காமல், எந்த டிஸ்க் என்ற கேள்விக்கே திரும்பிப் போங்கள்.

அப்புறம் சி வால்யூமுக்கு செக்டிஸ்க் ஒருமுறை. அடுத்த ரீஸ்டார்ட்டில் ஓட்டவா என்று கேட்கும், சரி என்று கொடுங்கள்.

‘பேசிக்’ ஆக மாற்ற வேண்டாமா?

மிரர் போனாலும் டிஸ்க் டைனமிக்காகவே இருக்கும். உடனே ‘கன்வர்ட் டு பேசிக் டிஸ்க்’ எங்கே என்று தேடத் தோன்றும். அது மங்கலாக, அழுத்த முடியாமல் இருக்கும். வால்யூம்கள் எல்லாவற்றையும் அழித்துக் காலியாக்கினால்தான் அது திறக்கும். தயவுசெய்து அதற்காக எதையும் அழிக்காதீர்கள். அப்படியே விடலாம், ஏனென்றால் அடுத்த கட்டத்தில் இது தானாகவே தீர்ந்துவிடும்.

மாற்றும் வேலை

விஎம்வேர் கன்வர்ட்டரில் நகலெடுக்கும் வகையைக் கேட்கும் இடத்தில், எல்லா டிஸ்க்கையும் அதே அமைப்பில் எடு என்பதைத் தேர்ந்தெடுக்காமல், வால்யூம்களைத் தேர்ந்தெடுத்து எடு என்பதைக் கொடுங்கள். வால்யூம் அளவில் நகலெடுக்கும்போது டைனமிக் கணக்கு எதுவும் கூட வராது, அந்தப் பக்கம் சாதாரண பேசிக் டிஸ்க்காக உருவாகும். சிஸ்டம் ரிசர்வ்டு பகுதியையும் கட்டாயம் டிக் செய்யுங்கள். சி-யை மட்டும் எடுத்துவிட்டுக் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் அதிகம். பழைய விண்டோஸ் என்றால் கன்வர்ட்டரின் எந்தப் பதிப்பு அதை ஏற்கும் என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

வால்யூமின் அளவை அப்படியே வையுங்கள், அல்லது கூட்டுங்கள். குறைத்தால் கன்வர்ட்டர் ஃபைல் ஃபைலாக நகலெடுக்க ஆரம்பிக்கும், நேரம் இழுக்கும். இடம் மிச்சப்படுத்த வேண்டுமென்றால் தின் டிஸ்க்காக (டேட்டா எழுத எழுத மட்டும் இடம் எடுக்கும் வகை) கொடுத்துவிடலாம்.

தொடங்கும் முன் டேட்டாபேஸ், டேலி, ஆன்டிவைரஸ் என எழுதிக்கொண்டே இருக்கும் சர்வீஸ்களை நிறுத்துங்கள். நகல் எடுத்து முடிவதற்குள் யாராவது உள்ளே புகுந்து பில் போட்டால் அந்த பில் புதிய மெஷினில் இருக்காது. எல்லோரிடமும் சொல்லிவிட்டு, முடிந்தால் சனிக்கிழமை இரவில் வையுங்கள்.

நேரக் கணக்கு: விநாடிக்கு 50 எம்பி வேகம் கிடைத்தால் 500 ஜிபிக்கு ஏறக்குறைய 2 மணி 45 நிமிடம். இடையில் எங்காவது பழைய 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச் ஒன்று இருந்தால், உச்சமே விநாடிக்கு 12.5 எம்பிதான், அதே 500 ஜிபிக்கு 11 மணி நேரத்துக்கு மேல் ஆகும். வேகம் சந்தேகமாக இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஸ்விட்ச்சை.

முதல்முறை எழுப்பும்போது

பழைய பெட்டியை நிறுத்துங்கள். புதிய மெஷினின் நெட்வொர்க் கார்டைத் துண்டித்த நிலையில் வைத்து இயக்குங்கள். ஒரே பெயரும் ஒரே ஐபியும் உள்ள இரண்டு மெஷின் நெட்வொர்க்கில் சந்தித்துக்கொள்ளக் கூடாது.

நீலத் திரையில் 0எக்ஸ்7பி என்ற பிழை வந்தால், விண்டோஸுக்குப் புதிய டிஸ்க் கன்ட்ரோலரின் டிரைவர் இல்லை என்றே பெரும்பாலும் அர்த்தம். விர்ச்சுவல் மெஷினின் அமைப்பில் கன்ட்ரோலர் வகையை மாற்றி முயன்று பாருங்கள். மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வியில் ஓட்டுவது என்றால் பழைய பயாஸ் முறை சர்வருக்கு முதல் தலைமுறை மெஷின், யுஇஎஃப்ஐ முறையில் உள்ள 2012 ஆர்2 என்றால் இரண்டாம் தலைமுறை. இதை மாற்றிப் போட்டால் பூட்டே ஆகாது.

எழுந்ததும் முதல் வேலை, டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறப்பது. ‘பேசிக்’ என்று இருக்க வேண்டும். ‘மிஸ்ஸிங்’ என்று எதுவும் இருக்கக் கூடாது. பிறகு விஎம்வேர் டூல்ஸை நிறுவி, பழைய பெட்டியின் ரெய்டு, விசிறி, வெப்பநிலை கண்காணிப்பு மென்பொருள்களையெல்லாம் நீக்குங்கள். பழைய நிலையான ஐபியைப் புதிய கார்டுக்குக் கொடுக்கும்போது அது வேறொரு கார்டுக்கு உரியது என்று விண்டோஸ் அடம்பிடிக்கும். பெட்டியிலிருந்த பழைய நெட்வொர்க் கார்டு கண்ணுக்குத் தெரியாமல் டிவைஸ் மேனேஜரில் உட்கார்ந்திருப்பதுதான் காரணம். மறைந்த சாதனங்களைக் காட்டச் சொல்லி அதை நீக்கிவிட்டு ஐபியைக் கொடுங்கள். அதன் பிறகு நெட்வொர்க்கை இணைக்கலாம்.

இந்த மெஷினுக்குள் பாதுகாப்புக்காக மறுபடி ஒரு மிரர் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். இரண்டு விர்ச்சுவல் டிஸ்க்கும் ஒரே ஹோஸ்டின் (விர்ச்சுவல் மெஷின் ஓடும் நிஜக் கணினியின்) ஒரே டிஸ்க் தொகுதியில்தான் கிடக்கும். அது போனால் இரண்டும் போகும். ரெய்டு ஹோஸ்டில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அங்கே போடச் சொல்லுங்கள்.

டிராயரில் இருக்கும் டிஸ்க் 1-ஐ ஒரு மாதக் கணக்கு முடியும்வரை தொடாதீர்கள். மாதக் கடைசியில் மட்டும் ஓடும் ரிப்போர்ட் ஒன்று எல்லா அலுவலகத்திலும் இருக்கும், அதுவும் ஒழுங்காக வந்த பிறகு, அந்த டிஸ்க்கையும் பழைய பெட்டியில் இருப்பதையும் வேறொரு கணினியில் மாட்டி, டிஸ்க்பார்ட்டில் ‘கிளீன் ஆல்’ கொடுத்து ஒவ்வொரு செக்டாரையும் பூஜ்யமாக்கிவிட்டுப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பலாம். மாட்டும் முன் மார்க்கரில் எழுதிய எண்ணை ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள்.